பழைய செப்புக்காசை எடைக்குப் போடலாமா?

கும்பகோணத்து வீட்டுப் பரணில் ஒரு சொம்பு நிறையச் செப்புக்காசு இருக்கிறது, பாத்திரக்கடையில் எடைக்குப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து போடாதீர்கள். 1835-இல் வந்த கிழக்கிந்தியக் கம்பெனிக் காலணாவில் இருப்பது சுமார் 6.47 கிராம் செம்பு. கிலோ ஆயிரம் ரூபாய் என்றே வைத்தாலும் ஆறரை ரூபாய்தான் தேறும். 1906 முதல் அது வெண்கலமாகி, எடையும் ஐந்து கிராமுக்குள் வந்துவிட்டது. 1943-47 ஓட்டைக் காலணாவோ சுமார் இரண்டு கிராம்தான்.

சரி, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், அதன் கையருகே நாகரி எழுத்தில் (இந்தி எழுத்து போல இருக்கும்) ‘ஸ்ரீ ராஜராஜ’ என்றிருந்தால் அது சோழர் காசு. நம் டெல்டாவில் இது நிறையவே கிடைப்பதால் லட்சக்கணக்கில் போகாது. வீடியோக்களில் சொல்வதை நம்ப வேண்டாம். ஆனால் எழுத்து தெளிவாக இருந்தால் செம்பு விலையைவிடப் பல மடங்கு தருவார்கள். அதனால்தான் சொல்கிறேன், குத்துவிளக்கைப் போலப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பச்சைக் களிம்போடு எழுத்தும் போய்விடும், அப்புறம் சேகரிப்பவர் யாரும் தொடமாட்டார்.

வயலிலோ கொல்லையிலோ தோண்டும்போது கிடைத்த காசு என்றால் கதையே வேறு: 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.