ஒப்பாரிக் காட்சியும் அப்பாவின் நினைவும்

மேடம்,

எனக்கு 23 வயது. ஒரு பல்கலைக்கழகத்தில் நாடகக் கலையில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பி.எஸ்சி. முடித்துவிட்டு, வீட்டில் சண்டை போட்டுத்தான் இதில் சேர்ந்தேன்.

இந்தப் பருவத்தில் போடும் நாடகத்தில் எனக்கு மகனைப் பறிகொடுத்த தாய் வேடம். ஒப்பாரிக் காட்சி சரியாக வரவில்லை என்று ஆசிரியர் ஒருநாள் எல்லாரையும் சுற்றி உட்காரவைத்தார். “உன் அப்பா இறந்த நாளுக்குப் போ. ஆஸ்பத்திரி வாசனையை நினை. யார் முதலில் வந்து சொன்னார்கள்?” என்று கேட்டுக்கொண்டே போனார். நான் பத்தாவது படிக்கும்போது அப்பா விபத்தில் இறந்தார். கதறிவிட்டேன். எல்லாரும் கைதட்டினார்கள். “தினமும் எனக்கு இதுதான் வேணும்” என்றார் ஆசிரியர்.

அதற்கப்புறம் சரியான தூக்கம் இல்லை. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் கை நடுங்குகிறது. இப்போது அப்பாவை நினைத்தால் அந்த ஆஸ்பத்திரி மட்டும்தான் வருகிறது, அவர் சிரித்த முகம் வரவே மாட்டேன் என்கிறது. என்னால் முடியவில்லை என்று சொன்னபோது, வலிக்குப் பயந்தவள் நடிகையாக முடியாது என்று சொல்லிவிட்டார். அம்மாவோ, “விட்டுட்டு வந்து பி.எட். சேரு” என்கிறார். நடிப்பு எனக்குச் சரிப்படாதா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள தோழிக்கு,

இந்த ஒரு பயிற்சியை வைத்து உங்களுக்கு நடிப்பு வராது என்று யாரும் முடிவு கட்ட முடியாது. உங்கள் ஆசிரியரும் முடியாது.

அவர் செய்யச் சொன்னது ‘உணர்ச்சி நினைவு’ என்று நாடகக்காரர்கள் சொல்லும் முறை. ரஷ்ய இயக்குநர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி தம் தொடக்க காலத்தில் கையாண்டது. 1930களில் நியூயார்க்கில் லீ ஸ்ட்ராஸ்பெர்க் அதையே நடிப்புக்கு அடிப்படையாக்கினார். அவருடைய குழுவில் இருந்த ஸ்டெல்லா அட்லர் என்ற நடிகைக்கு அது ஒத்துவரவில்லை. 1934இல் பாரிஸ் போய் ஸ்டானிஸ்லாவ்ஸ்கியிடமே சில வாரங்கள் பயின்றார். கதாபாத்திரம் இருக்கும் சூழ்நிலை, நடிகரின் கற்பனை, உடலின் செயல் ஆகியவற்றுக்கே ஸ்டானிஸ்லாவ்ஸ்கி அப்போது முதலிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்த அட்லர், சொந்தத் துயரத்தைத் தோண்டாமல் நடிக்கக் கற்றுக்கொடுக்கும் பெரிய ஆசிரியை ஆனார். அவரை வலிக்குப் பயந்தவர் என்று யாராவது சொல்வார்களா?

இனி உங்கள் உடம்புக்கு நடந்ததைப் பார்ப்போம். அதிர்ச்சிக்கு உள்ளானவர்களை அந்த நாளின் வாசனை, சத்தம் வரை நினைவுகூரவைப்பது மனநல சிகிச்சையிலும் உண்டு. ஆனால் அங்கே நினைவிலிருந்து எப்படித் திரும்பி வருவது என்று முதலில் பழக்குவோம். ‘போதும்’ என்று நிறுத்தும் உரிமை வந்தவர் கையில் இருக்கும். உங்களுக்கு இந்த இரண்டுமே கிடைக்கவில்லை. கதறி முடித்த உங்களுக்கு யாரோ ஒருவர் தண்ணீர் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். கைதட்டல்தான் கிடைத்தது. தூக்கம் போனதும் கை நடுங்குவதும் அதனால்தான். இது பலவீனம் இல்லை.

அப்பாவின் முகம் தொலைந்துவிடவில்லை. அந்த ஒரு நாளை நீங்கள் தினமும் கூப்பிட வேண்டியிருப்பதால் மற்ற நாட்கள் பின்னால் போயிருக்கின்றன. அம்மாவிடம் பழைய புகைப்படங்களைக் கேளுங்கள், அவரைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள்.

அந்தக் காட்சியை வேறு எப்படிச் செய்வது? நம் ஊர்ச் சாவு வீடுகளில் ஒப்பாரி வைக்கும் பாட்டிமாரைப் பாருங்கள். உறவே இல்லாத வீட்டிலும் பாடுகிறார்கள், கேட்பவர் மனது கரைகிறது. மெட்டு, இழுப்பு, மூச்சு விடும் இடம், மாரடிக்கும் தாளம், எல்லாம் அவர்கள் கைக்குள் இருக்கின்றன. சிலர் தங்கள் துக்கத்தையும் அதற்குள் கொட்டுவார்கள்தான், ஆனால் கொட்டுவதா வேண்டாமா என்பது அவர்கள் இஷ்டம். நீங்களும் அப்படி ஒரு பாட்டியிடம் போய் உட்கார்ந்து இரண்டு ஒப்பாரி கற்றுக்கொள்ளுங்கள். காட்சி அங்கிருந்தே வரும் என்று நான் உண்மையிலேயே நம்புகிறேன்.

ஆசிரியரிடம் தனியாகப் பேசத் தயக்கமாக இருந்தால் ஒரு தோழியோடு போங்கள். “சார், அந்த நினைவை இனி எடுக்க மாட்டேன். காட்சியை மெட்டு, மூச்சு, உடல் வழியாகச் செய்துகாட்டுகிறேன்” என்று மட்டும் சொல்லுங்கள். காரணங்களை அடுக்க வேண்டாம். கேட்காவிட்டால் துறைத் தலைவர் இருக்கிறார். அதற்கு மேல், பல்கலைக்கழகங்களில் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும் என்பது யுஜிசி விதி.

ஒத்திகை முடிந்ததும் நேராக விடுதி அறைக்கு ஓடாதீர்கள். உடையை மாற்றி, முகம் கழுவி, உங்கள் பெயரைச் சொல்லிக்கொள்ளுங்கள். யாராவது ஒருவரோடு நாடகத்தைப் பற்றிப் பேசாமல் டீ குடியுங்கள். விடிய விடிய ஆடும் கூத்துக் கலைஞர்களும் காலையில் அரிதாரத்தைக் கலைத்த பிறகுதான் வீட்டுக்குப் போகிறார்கள்.

இவ்வளவு செய்தும் இரண்டு வாரத்தில் தூக்கம் திரும்பாவிட்டால், அல்லது உயிர் வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒரு முறை எட்டிப்பார்த்தாலும், காத்திருக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் கிடையாது, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

பி.எட். பற்றி இப்போது முடிவு எடுக்காதீர்கள். தூக்கமில்லாத மனது எதையாவது விட்டுவிட்டால் போதும் என்றுதான் சொல்லும். நாடகம் மேடையேறட்டும், பருவம் முடியட்டும், நீங்களும் கொஞ்சம் தேறுங்கள். அதன்பிறகும் ஆசிரியர் வேலை பிடித்திருந்தால் தாராளமாகச் சேருங்கள். அம்மாவிடம் இப்போதைக்கு இந்தக் கடிதத்தில் எனக்குச் சொன்னதைச் சொல்லுங்கள். உங்களுக்கு என்ன நடந்தது என்று அவருக்கு இன்னும் தெரியாது என்று நினைக்கிறேன்.