சுங்கவரியும் புகையும்: ஓசூரிலிருந்து ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

தருமபுரிக் கூட்டத்தில், சுங்கவரியே புகை கக்கும் தொழில்களுக்குச் சலுகை காட்டுகிறது என்றோர் ஆய்வை எடுத்துச் சொன்னீர்கள். நான் ஓசூரில் சிறிய போல்ட், நட்டுப் பட்டறை நடத்துகிறேன். ஐரோப்பாவுக்குப் போகும் சரக்குக்குக் கார்பன் கணக்குக் கேட்கிறார்கள். நூறாண்டுகளுக்கு மேல் புகைவிட்டு வளர்ந்தவர்கள் நம்மிடம் பணம் கேட்பது எந்த ஊர் நியாயம்? அந்த ஆய்வு இதற்கு என்ன சொல்கிறது?

ம., ஓசூர்

அன்புள்ள ம.,

நான் குறிப்பிட்டது, பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஜோசப் ஷாப்பிரோ 2021இல் வெளியிட்ட ஆய்வு. ஒரு டாலர் மதிப்புள்ள பொருளை உருவாக்க, மூலப்பொருள் தொடங்கி மொத்தம் எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறது என்று தொழில்வாரியாகக் கணக்கிட்டு, அதை இறக்குமதி வரியோடும் பிற தடைகளோடும் அவர் ஒப்பிட்டார். புகை மிகுந்த பொருளுக்குத் தடை குறைவாகவும், புகை குறைந்த பொருளுக்குத் தடை அதிகமாகவும் இருப்பதைப் பெரும்பாலான நாடுகளில் கண்டார். இப்படிப் புகைக்கு மறைமுகமாகக் கிடைக்கும் மானியம் உலக அளவில் ஆண்டுக்குப் பல பத்தாயிரம் கோடி டாலர்.

இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. காரணம் உங்கள் பட்டறையிலேயே இருக்கிறது. நீங்கள் வாங்கும் கம்பிச் சுருளுக்கு வரி குறைய வேண்டும், வெளிநாட்டு போல்ட்டுக்கு வரி கூட வேண்டும் என்றுதானே உங்கள் சங்கம் மனுக் கொடுக்கும்? எல்லா நாட்டு உற்பத்தியாளர்களும் அதையே கேட்கிறார்கள். கடைசியில் வாங்கும் நுகர்வோருக்குச் சங்கம் இல்லை. ஊது உலையில் ஒரு டன் எஃகு எடுக்க ஏறத்தாழ 2 டன் கரியமில வாயு வெளியாகிறது. அதன்பின் வளைத்து, மரையிட்டு, பூசுவதில் சேரும் புகை ஒப்பீட்டளவில் சொற்பம். ஆகவே மூலப்பொருளுக்குக் கேட்டு வாங்கும் சலுகை புகைக்கான சலுகையாகவே முடிகிறது.

நியாயம் பற்றிய உங்கள் கோபத்தில் எனக்கு மறுப்பில்லை. பழைய புகைக்கு ஐரோப்பா இன்னும் கணக்குத் தீர்க்கவில்லை. ஆனால் புகை மிகுந்த பொருளுக்குச் சாதகமான இந்த வரிச் சாய்வைப் பணக்கார நாடுகளின் சூழ்ச்சி என்று மட்டும் சொல்ல அந்த ஆய்வு இடம் தரவில்லை. இறக்குமதிப் பொருளைச் செய்யும்போது வெளியான கரியமில வாயுவுக்குக் கட்டணம் கேட்கும் ஐரோப்பாவின் ஏற்பாடு அந்தச் சாய்வின் ஒரு முனையைத்தான் தொடுகிறது. 2023 அக்டோபரில் அறிக்கையோடு தொடங்கி, 2026 ஜனவரி முதல் வரும் சரக்குக்குக் கட்டணப் பொறுப்பை அங்குள்ள இறக்குமதியாளர்மேல் வைக்கிறது. எஃகும் போல்ட்டும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் இடம்பெற்றன. அதே எஃகால் செய்த முழுக் கார் இடம்பெறவில்லை. இது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

உங்களைப் போன்றவர்களுக்கு உடனடிச் சிக்கல் பணத்தைவிடத் தாள்தான். உங்கள் ஊரில் ஒரு பட்டறையில், சுருளில் கட்டியிருந்த தகரச் சீட்டையும் ஆலைச் சான்றிதழையும் வாங்கிப் பார்த்தேன். எந்த உருக்கில் வார்த்த எஃகு என்று காட்டும் ஹீட் நம்பர் இருந்தது. கார்பன் என்றும் ஒரு வரி இருந்தது. அது எஃகுக்குள் தங்கிய கார்பன்; புகைபோக்கி வழியே போனதற்கு அந்தத் தாளில் இடமே இல்லை. அடுத்த லோடுக்கு ஆர்டர் கொடுக்கும்போது புகைபோக்கி வழியே போன அளவையும் ஆலையிடம் எழுத்தில் கேளுங்கள்.