ஆக்ஸில் மாற்றினேன், வண்டி இழுக்கிறது!

கேள்வி: என் 4x4 பிக்கப்பில் பழைய வண்டி ஒன்றின் முன் ஆக்ஸிலைப் பொருத்தினேன். பட்டை ஸ்பிரிங் வண்டி. இப்போது இடப்பக்கம் இழுக்கிறது, வளைவுக்குப் பின் ஸ்டீயரிங் நேருக்குத் திரும்புவதில்லை. டோ (முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) சரிசெய்தால் போதுமா?

பதில்: போதாது. ஸ்டீயரிங் திரும்பாதது கேஸ்டர் (பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டீயரிங் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்) குறைந்ததன் அறிகுறி. ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்து அதைக் கூட்டலாம். ஆனால் அப்படிச் சாய்க்கும்போது பினியனும் (ஷாஃப்ட் வந்து சேரும் ஆக்ஸில் கியரின் முனை) கீழே சாயும். முன் ஷாஃப்ட்டின் மடங்கும் மூட்டான யூ ஜாயின்ட்டின் கோணத்தையும் பாருங்கள்.

இழுப்புக்கு முதலில் டேப்பை எடுங்கள். சேஸியில் ஒரே இடத்திலுள்ள துளையிலிருந்து இருபக்க ஸ்பிரிங் நடுபோல்ட் வரை அளந்தால் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆக்ஸில் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. நடுபோல்ட் தலை ஆக்ஸிலில் அதற்கென உள்ள குழியில் இறங்காமலே, ஆக்ஸிலை ஸ்பிரிங்கோடு கட்டும் யூ போல்ட்டை முறுக்கிவிடுவது எல்லோரும் செய்யும் தப்பு. பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்றும் சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள். டோ கடைசியில்தான்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று: முன், பின் ஆக்ஸில்களின் கியர் விகிதம் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் சுற்றும் சுற்றுகள்) ஒன்றுதானா? நான் ஒருமுறை பின்னால் 3.73 இருக்க, முன்னால் 4.10 மாட்டிவிட்டேன். தார்ச்சாலையில் 4x4 போட்டதும் வண்டி முக்கி முனகியது. இரண்டு நாள் வேலை வீண்.