ஏழு வயது மகளுக்கு மார்பு வளர்ச்சி: தண்ணீர் கேன்தான் காரணமா?

தண்ணீர் கேன், டிபன் பாக்ஸ், ஷாம்பு, மீல் மேக்கர், பிராய்லர் கோழி, ஏ.டி.எம். ரசீது என்று உங்கள் கடிதத்தில் ஆறு குற்றவாளிகள். ஏழு வயது மகளின் இடது மார்பில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி தெரிகிறது என்பதை நடுவில் ஒரு வரியில் சொல்லிவிட்டு, பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் பிஸ்பினால் ஏ என்ற ரசாயனம் அவள் சிறுநீரில் எவ்வளவு இருக்கிறதென்று பார்க்க சென்னையில் எந்த லேபுக்குப் போகலாம் என்று கேட்கிறீர்கள். எனக்கு உறுத்தியது, போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் வேறொரு வரி: ஜூனில் தைத்த யூனிஃபார்ம், அரையாண்டுத் தேர்வுக்குள் முட்டிக்கு மேலே ஏறிவிட்டது.

பெண் குழந்தைக்கு எட்டு வயதுக்கு முன் மார்பு வளரத் தொடங்கினால் டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும். ஒரு பக்கம் மட்டும் முதலில் தெரிவது சகஜம். கேன்சரோ என்று பயப்பட வேண்டாம். அழுத்தி அழுத்திப் பார்க்காதீர்கள், குழந்தைக்கு வலிக்கும். லேசாக வளர்ந்து அப்படியே நின்றுவிடும் குழந்தைகளும் உண்டு. அவர்களைச் சில மாதங்களுக்கு ஒருமுறை அளந்து பார்த்துக்கொண்டாலே போதும். ஆனால் கூடவே உயரமும் எகிறினால் கதை வேறு. இந்த வயதில் ஆண்டுக்கு 5, 6 செ.மீ. வளர்வதுதான் வழக்கம். அதற்கு மேல் போனால், பருவமடைதலுக்கான ஹார்மோன்கள் நேரத்துக்கு முன்பே வேலையைத் தொடங்கியிருக்கலாம். இன்று வகுப்பிலேயே உயரமாக இருப்பாள். எலும்பு சீக்கிரம் முதிர்ந்து வளர்முனைகள் மூடிக்கொண்டால், பின்னால் மற்றவர்களைவிடக் குள்ளமாக நின்றுவிடுவாள்.

இந்த வாரமே போங்கள். குழந்தைகள் ஹார்மோன் நிபுணர் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையில் காட்டுங்கள். இடது கை மணிக்கட்டுக்கு ஒரு எக்ஸ்-ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார்கள். எல்.எச்., ஈஸ்ட்ரடையால் என்ற பருவ ஹார்மோன்களுக்கும் தைராய்டுக்கும் ரத்தப் பரிசோதனை, கருப்பைக்கு ஒரு ஸ்கேன். தேவைப்பட்டால்தான் தலைக்கு எம்.ஆர்.ஐ. தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், பிறப்புறுப்பில் ரத்தக்கசிவு இதில் எது இருந்தாலும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

'இந்த வயசிலேயே பெரிய மனுஷி ஆகிடுவாளோ' என்பதுதானே உங்கள் உண்மையான பயம்? மார்பு வளரத் தொடங்கி மாதவிலக்கு வர சாதாரணமாக இரண்டு ஆண்டு பிடிக்கும். வேகமாகப் போகிறது என்று தெரிந்தால், ஊசி மருந்தால் அதை நிறுத்தி வைத்து, உரிய வயதில் விட்டுவிட முடியும். பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கும் சிகிச்சை இது.

இனி, நீங்கள் பார்த்ததாக எழுதியிருக்கும் அந்த பிளாஸ்டிக் வீடியோ விஷயம். ஈஸ்ட்ரோஜன் என்பது பெண்மைக்கான ஹார்மோன். 'ஈஸ்ட்ரோஜன் பாசிட்டிவ்' என்று காட்டினார்களே, அது பெரும்பாலும் ஆய்வகத் தட்டில் வளர்க்கும் மார்பகப் புற்றுநோய் செல்களில் செய்யும் சோதனை. ஈஸ்ட்ரோஜன் போன்ற எது பட்டாலும் அந்தச் செல்கள் பெருகும். அமெரிக்காவின் பாஸ்டனில் ஆனா சோட்டோ, கார்லோஸ் சோனன்ஷைன் என்ற விஞ்ஞானிகளின் ஆய்வகத்தில் எதுவும் சேர்க்காமலேயே செல்கள் பெருகின. துருவிப் பார்த்தால், பிளாஸ்டிக் குழாயிலிருந்து நோனைல்பினால் என்ற ரசாயனம் கசிந்திருந்தது. 1991-ல் அதை வெளியிட்டார்கள். பிஸ்பினால் ஏ-க்கு ஈஸ்ட்ரோஜன் குணம் உண்டென்று 1936-லேயே லண்டனில் டாட்ஸ் என்ற விஞ்ஞானி எலிகளில் காட்டியிருக்கிறார். ஆகவே சங்கதி பொய்யில்லை. ஆனால் தட்டில் இருக்கும் செல்லுக்குக் கல்லீரல் கிடையாது. உங்கள் மகளுக்கு இருக்கிறது. உள்ளே போன பிஸ்பினாலில் பெரும்பகுதியைச் சில மணி நேரத்தில் செயலிழக்கச் செய்து சிறுநீரில் தள்ளிவிடும். நீங்கள் கேட்கும் டெஸ்ட், முந்தின நாள் எந்தப் பார்சல் சாப்பிட்டாள் என்பதைச் சொல்லும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு நான் எந்த மருந்தும் எழுத முடியாது.

அதற்காக பிளாஸ்டிக்குக்கு நற்சான்று தரவில்லை. 2023-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு ஒரு நாளில் உடலுக்குள் போகலாம் என்று பிஸ்பினால் ஏ-க்கு வைத்திருந்த அளவை 20,000 மடங்கு குறைத்தது. சூடுதான் இங்கே வில்லன். மீன்பாடி வண்டியில் உச்சி வெயிலில் காயும் கேனை வாங்காதீர்கள். கொதிக்கும் சாம்பாரை பிளாஸ்டிக்கில் ஊற்றாதீர்கள். எவர்சில்வர் டப்பா வீட்டில் இல்லாமலா இருக்கும்? 'பி.பி.ஏ. ஃப்ரீ' (பிஸ்பினால் ஏ இல்லாதது) என்று பார்த்து வாங்கினாலும், அதற்குப் பதிலாகப் போடும் பிஸ்பினால் எஸ்-ம் அதே செல் சோதனையில் மாட்டுகிறது. சோயாவாயிற்றே என்று பயப்படாமல் மீல் மேக்கர் வாரம் ஒன்றிரண்டு நாள் தாராளமாகக் கொடுங்கள். பிராய்லர் கோழி நாற்பது நாளில் வளர்வது இனத்தாலும் தீவனத்தாலும். கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்பது வாட்ஸ்அப் கதை. ரசீதுத் தாளின் பூச்சில் பிஸ்பினால் இருக்கலாம்; கசக்கி எறிந்துவிட்டு கையைக் கழுவுங்கள், முடிந்தது. இவற்றில் ஒன்றைக் காட்டி 'உங்கள் மகளுக்கு இதனால்தான்' என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. நீங்களும் உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள்.

திட்ட வேண்டுமென்றால் அந்த 'ஹார்மோன் கிளென்ஸ்' பொடிக்குத் திட்டுகிறேன். மூன்று வாரமாகப் பாலில் கலந்து தருகிறீர்களாம். கேன் தண்ணீருக்கு லேப் கேட்கும் நீங்கள், ஆன்லைனில் வந்த பொடியில் என்ன இருக்கிறதென்று கேட்கவில்லையே! இன்றே நிறுத்துங்கள். டப்பாவைத் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

நீங்கள் சொல்லாத ஒன்றையும் நான் கேட்க வேண்டும். மாதவிலக்கு நின்றபின் தடவிக்கொள்ளும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் அல்லது ஜெல்லை வீட்டில் பாட்டியோ அத்தையோ பயன்படுத்துகிறார்களா? தடவிய கையோடு குழந்தையைத் தூக்கினாலும், பக்கத்தில் படுக்க வைத்தாலும் அது குழந்தையின் தோலில் ஏறும். மார்பு வளரவும் செய்யும். உங்கள் ஆறு குற்றவாளிகளுக்கு முன்னால் நான் விசாரிப்பது இதைத்தான். இருந்தால் டியூபின் பெயரைக் குறித்துக்கொண்டு போங்கள்.