குரூப் ஒன்றாக இருந்தால் போதுமா? ரத்தம் பற்றிய கேள்வி பதில்

ரத்தம் சேமித்து, பொருத்தம் பார்த்து, வார்டுக்கு அனுப்பும் பிரிவில் மருத்துவராக இருக்கிறேன். ரத்த தானம், குரூப், ரத்தசோகை, ரத்தம் ஏற்றுவது இவற்றைப் பற்றிக் கேளுங்கள். ரிப்போர்ட்டை அனுப்பி என்ன நோய் என்று கேட்டால் பதில் வராது. ஆளைப் பார்க்காமல் அதைச் சொல்வது சரியில்லை.

கேள்வி: எனக்கும் நான் மணக்கப் போகிறவருக்கும் பி பாசிட்டிவ். ஒரே குரூப் என்றால் பிறக்கும் குழந்தைக்குக் குறை வரும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

வராது. கணவன் மனைவிக்கு ஒரே குரூப் இருப்பதால் குழந்தைக்கு எந்தக் கெடுதலும் இல்லை. நெருங்கிய சொந்தத்தில் மணம் செய்தால் சில பரம்பரை நோய்களுக்கு வாய்ப்பு கூடும் என்பது உண்மை. அதை எப்படியோ குரூப்போடு சேர்த்துக் குழப்பிவிட்டார்கள்.

திருமணத்துக்கு முன் நீங்கள் உண்மையில் பார்க்க வேண்டியது வேறு. தலசீமியா என்பது ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை ரத்த நோய். இருவரும் அதன் கேரியரா, அதாவது நோயின் மரபணுவைச் சுமப்பவரா என்று பாருங்கள். கேரியராக இருப்பவருக்குப் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தெரியாது. இருவருமே பீட்டா தலசீமியா கேரியர் என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அது கடுமையான வகையாக இருந்தால் அந்தக் குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டிவரும். முழு ரத்த எண்ணிக்கையும் ஹீமோகுளோபின் ஏ2 அளவும் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். குரூப் பார்க்கக் காட்டும் அக்கறையில் பாதியை இதில் காட்டினால் போதும்.

கேள்வி: நான் ஓ நெகட்டிவ், கணவர் பாசிட்டிவ் மேடம். முதல் குழந்தை நன்றாகப் பிறந்தது. இரண்டாவதுக்கு ஆபத்து என்கிறார்களே, ஏன்?

இந்த பயத்தில் காரணம் இருக்கிறது. முதல் குழந்தை பாசிட்டிவாக இருந்தால், பிரசவ நேரத்தில் அதன் சிவப்பணுக்கள் கொஞ்சம் உங்கள் ரத்தத்தில் கலந்திருக்கலாம். உங்களிடம் இல்லாத 'டி' என்ற அடையாளம் அவற்றின் மேல் இருப்பதால், உங்கள் உடல் அவற்றை அந்நியமாகக் கண்டு ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரிக்கும். அது தயாராகும்போது முதல் குழந்தை வெளியே வந்துவிடும், அதனால் தப்பிவிடும். அடுத்த பாசிட்டிவ் குழந்தை வயிற்றில் இருக்கும்போது அந்த ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகப் போய் அதன் சிவப்பணுக்களை உடைக்கும். ரத்தசோகை, கடும் மஞ்சள்காமாலை, சில நேரம் வயிற்றிலேயே இறப்பு வரை போகும்.

இதைத் தடுக்க 1960களின் கடைசியிலேயே ஊசி வந்துவிட்டது. ஆன்டி-டி என்பார்கள். கர்ப்பத்தின் 28வது வாரத்தையொட்டி ஒன்று. பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. கருச்சிதைவு, கருக்கலைப்பு ஆனாலும் மருத்துவரிடம் இதைக் கேட்க வேண்டும். பலர் தவறவிடுவது அங்கேதான். ஆன்டிபாடி ஏற்கெனவே உருவாகிவிட்டால் ஊசியால் பயனில்லை. அதனால் அது உங்கள் ரத்தத்தில் இருக்கிறதா என்று காட்டும் இன்டைரக்ட் கூம்ப்ஸ் டெஸ்டை முதலில் செய்துகொள்ளுங்கள். முதல் பிரசவத்தின்போது ஊசி போட்டார்களா என்று பழைய காகிதங்களில் தேடுங்கள்.

இந்த ஊசிக்கான ஆன்டிபாடி மனிதர்கள் தரும் பிளாஸ்மாவிலிருந்துதான், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியிலிருந்துதான் வருகிறது. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் இதற்காக 1,173 முறை தானம் செய்தவர். அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

கேள்வி: எனக்கு ரத்தம் கம்மி, லோ பிரஷர். இரும்பு மாத்திரை சாப்பிட்டால் பிரஷர் ஏறுமா?

இரண்டும் வேறு வேறு. ரத்தம் கம்மி என்பது ஹீமோகுளோபின் குறைவு. பிரஷர் என்பது குழாய்க்குள் இருக்கும் அழுத்தம். இரும்பு மாத்திரை முதலாவதற்கு மட்டும், அதுவும் இரும்புச்சத்துதான் குறைவு என்று தெரிந்த பிறகு.

கேள்வி: பெண், வயது 34. ஹீமோகுளோபின் 12.6. நார்மல் என்கிறார்கள். ஆனால் மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, முடி கொட்டுகிறது.

ஃபெரிட்டின் பார்த்தீர்களா? உடல் சேமித்து வைத்திருக்கும் இரும்பை அது காட்டும். இரும்பு குறையும்போது முதலில் காலியாவது சேமிப்புதான். ஹீமோகுளோபின் கடைசியில்தான் இறங்கும். 12க்கு மேல் இருப்பதால் ரத்தசோகை இல்லை என்று சொல்லலாமே தவிர, இரும்பு போதுமான அளவு இருக்கிறது என்று சொல்ல முடியாது. உடலில் கிருமித் தொற்றோ வீக்கமோ இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து நிற்கும் என்பதையும் மனதில் வையுங்கள். மூச்சு வாங்குவதற்கு இதயம், நுரையீரல், தைராய்டு என்று வேறு காரணங்களும் உண்டு. நேரில் போய்க் காட்டுங்கள்.

குறைவு என்று தெரிந்தால் மாத்திரையோடு நிறுத்தாதீர்கள். எங்கே போகிறது என்று தேட வேண்டும். பெண்களுக்கு அதிக மாதவிடாய் ஒரு காரணம். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால், குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். குடல் புற்றுநோய் சில நேரம் இப்படித்தான் முதலில் தலைகாட்டும்.

கேள்வி: எந்த குரூப் சிறந்தது? ஓ குரூப்காரர்கள் தைரியசாலிகளாமே?

எந்த குரூப்பும் உயர்ந்ததில்லை. குரூப்புக்கும் குணத்துக்கும் சம்பந்தமில்லை.

கேள்வி: அண்ணனுக்கு டெங்கு. பிளேட்லெட் 42,000. எங்கும் ரத்தக்கசிவு இல்லை. டாக்டர் பிளேட்லெட் ஏற்ற மறுக்கிறார். வேறு மருத்துவமனைக்கு மாற்றலாமா?

மாற்றுவதா வேண்டாமா என்பதை நான் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்துக்காக வேண்டாம். ரத்தக்கசிவு இல்லாத டெங்கு நோயாளிக்கு எண்ணிக்கையை மட்டும் பார்த்து பிளேட்லெட் ஏற்றுவதால் நன்மை இல்லை என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். ஏற்றினால் ஒவ்வாமை, நுரையீரலில் நீர் கோப்பது போன்ற தொல்லைகள் வரலாம்.

டெங்குவில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் பிளேட்லெட் குறைவு அல்ல. ரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா கசிந்து வெளியேறுவதுதான். அதனால் ரத்தம் கெட்டியாகி ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறும், பிரஷர் விழும். காய்ச்சல் விட்டதும் நிம்மதியாகிவிடுவோம். உண்மையில் அந்த ஒன்றிரண்டு நாட்கள்தான் ஆபத்தானவை. கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, கை கால் சில்லிடுவது, சிறுநீர் குறைவது, ஈறிலோ மலத்திலோ ரத்தம் — இவற்றில் எது வந்தாலும் அந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிடுங்கள். பிளேட்லெட் நம்பரைக் கேட்கும்போது ஹீமட்டோகிரிட் எவ்வளவு என்றும் கேளுங்கள்.

கேள்வி: வார்ஃபரின் சாப்பிடுகிறேன். ஐஎன்ஆர் 4.1. பாதி மாத்திரை எடுக்கலாமா?

வார்ஃபரின் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை; ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டுவது ஐஎன்ஆர். இன்றே உங்கள் மருத்துவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். எங்காவது ரத்தம் வந்தாலோ தலையில் அடிபட்டிருந்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கேள்வி: தம்பி ஓ பாசிட்டிவ். ஆபரேஷனுக்காக ஓ ரத்தம் பலதும் வைத்துப் பார்த்தார்கள், ஒன்றுகூடப் பொருந்தவில்லையாம். இது எப்படி?

பாம்பே குரூப் என்பதை முதலில் சந்தேகப்பட வேண்டும். 1952-ல் பம்பாயில் பெண்டே என்ற மருத்துவரின் குழு கண்டறிந்தது. சிவப்பணுவின் மேல் இருக்கும் குரூப் அடையாளங்களை ஆன்டிஜென் என்பார்கள். ஏ, பி ஆன்டிஜென்கள் இரண்டுமே ஹெச் என்ற அடித்தளத்தின் மேல்தான் கட்டப்படுகின்றன. ஓ குரூப்காரர்களிடம் ஹெச் மட்டும் இருக்கும். பாம்பே குரூப்காரர்களிடம் அந்த ஹெச்சும் இல்லை. ஆன்டி-ஏ, ஆன்டி-பி இரண்டை மட்டும் வைத்துப் பார்த்தால் ஓ போலவே தெரியும். ஆனால் அவர்கள் ரத்தத்தில் ஹெச்சுக்கு எதிரான ஆன்டிபாடி இருப்பதால் சாதாரண ஓ ரத்தத்தைக்கூட உடைத்துவிடும். அவர்களுக்கு இன்னொரு பாம்பே ரத்தம்தான் வேண்டும்.

வேறு ஆன்டிபாடிகளாலும் பொருத்தம் கிடைக்காமல் போகலாம். அதை ரத்த வங்கி பிரித்துச் சொல்லும். பாம்பே என்று உறுதியானால் உடன்பிறந்தவர்கள் எல்லோரும் உடனே பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

இதற்காகத்தான் கிராஸ்மேட்ச், அதாவது கொடுப்பவர் ரத்தத்தையும் நோயாளி ரத்தத்தையும் சேர்த்துப் பொருத்தம் பார்ப்பது. கார்டில் உள்ள குரூப்பை நம்பி யாருக்கும் ரத்தம் ஏற்றக்கூடாது. அதைவிட முக்கியமாக, பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும்போது நோயாளியின் பெயரை அவர் வாயாலேயே சொல்லவைத்து, படுக்கை அருகிலேயே குழாயில் எழுதுகிறார்களா என்று பாருங்கள். தப்பான குரூப் ரத்தம் ஏறுவதற்குப் பெரிய காரணம் பெயர் மாறிப்போவதுதான்.

கேள்வி: எங்கள் இருவருக்கும் ஓ பாசிட்டிவ். திருமணம் செய்யலாமா?

செய்யலாம். முதல் பதில்.

கேள்வி: அடுத்த மாதம் அக்காவுக்கு ஆபரேஷன். எனக்கும் அதே குரூப், எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை. என் ரத்தத்தையே நேராக அக்காவுக்குக் கொடுங்கள் என்றால், வங்கியில் மறுக்கிறார்கள். முகம் தெரியாதவர் ரத்தத்தைவிட தம்பி ரத்தம் நல்லதில்லையா?

இல்லை. தம்பி ரத்தம் என்பதால்தான் ஆபத்து கொஞ்சம் கூடுதல்.

தானமாகத் தரும் ரத்தத்தில் உங்கள் வெள்ளையணுக்களும் இருக்கும். வேறு யாருக்காவது போனால், அவர் உடல் அவற்றை அந்நியம் என்று கண்டு அழித்துவிடும். உடன்பிறந்தவர்களுக்குத் திசு அடையாளம் பாதி ஒத்துப்போகலாம். சில அமைப்புகளில் அக்காவின் உடல் உங்கள் வெள்ளையணுக்களைத் தன்னுடையது என்று விட்டுவிடும். ஆனால் உங்கள் வெள்ளையணுக்களுக்கு அக்காவின் உடல் அந்நியமாகத் தெரியும். அவை பெருகித் தோல், குடல், ஈரல், எலும்பு மஜ்ஜை எல்லாவற்றையும் தாக்கும். அரிதுதான். வந்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைப்பதில்லை.

அதே நண்பர்: ஆனால் ராணுவத்தில் அந்த இடத்திலேயே ரத்தம் எடுத்து ஏற்றுகிறார்களே. புது ரத்தத்தில் எல்லாம் உயிரோடு இருக்கும் என்றுதானே?

நல்ல கேள்வி. பெருங்காயத்தில் ரத்தம் கொட்டும்போது முழு ரத்தம் பயன்படுகிறது, அது உண்மை. சிவப்பணு, பிளாஸ்மா, பிளேட்லெட் மூன்றும் ஒரே நேரத்தில் அவர்களுக்குத் தேவை, வேறு வழியும் அங்கே இருக்காது. உங்கள் அக்காவுடையது திட்டமிட்ட ஆபரேஷன்.

'புதுசு நல்லது' என்பதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 2015, 2016-ல் பெரிய ஆய்வுகள் வந்தன. அவற்றில் ஒன்றில் 20,000 பேருக்கும் மேல். புதிய ரத்தம் பெற்றவர்கள், சில வாரம் குளிரில் வைத்த ரத்தம் பெற்றவர்களைவிடக் கூடுதலாகப் பிழைக்கவில்லை. சரியான கரைசலில் 2 முதல் 6 டிகிரிக்குள் வைத்தால் சிவப்பணுக்கள் 42 நாள் வரை பயன்படும். எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சி, சிபிலிஸ் எல்லாம் பார்த்து முடிக்கவும் நேரம் வேண்டும். உடனே எடுத்து உடனே ஏற்றினால் அந்த நேரம் எங்கே?

அதே நண்பர்: சற்று முன் பாம்பே குரூப்காரருக்கு உடன்பிறந்தவர்களைத் தேடச் சொன்னீர்களே? அவருக்கு மட்டும் ஆபத்து இல்லையா?

அவருக்கும் உண்டு. வேறு ரத்தமே கிடைக்காத நிலையில் உறவினரிடம் எடுக்கத்தான் வேண்டும். அப்போது அந்த ரத்தப் பைக்கு 25 கிரே (கதிர்வீச்சின் அலகு) அளவுக்குக் கதிர்வீச்சு கொடுத்த பிறகே ஏற்றுவார்கள். வெள்ளையணுக்கள் பெருக முடியாமல் போய்விடும். சிவப்பணுக்கள் வேலை செய்யும். அக்காவின் குரூப் வங்கியில் தாராளமாகக் கிடைக்கும்போது இவ்வளவு எதற்கு?

இடையில் இன்னொருவர்: கதிர்வீச்சு கொடுத்த ரத்தம் நோயாளிக்குக் கதிர்வீச்சைக் கொண்டுபோகாதா?

போகாது.

இன்னொருவர்: அப்படியென்றால் கணவர் மனைவிக்குக் கொடுக்கலாமா? ரத்த உறவு இல்லையே.

இனிமேல் குழந்தை பெறும் வயது என்றால் வேண்டாம். கணவரின் ஆன்டிஜென்களுக்கு எதிராக மனைவியின் உடலில் ஆன்டிபாடி உருவானால், அதே ஆன்டிஜென்னை அப்பாவிடமிருந்து பெறும் குழந்தையை அது தாக்கலாம்.

கேள்வி: பிளேட்லெட் 60,000, டெங்கு. ஏற்ற வேண்டுமா?

மேலே 42,000க்குச் சொன்னதைப் படியுங்கள். இதே கேள்வி இன்னும் பலரிடமிருந்து வந்திருக்கிறது; எல்லோருக்கும் அதே பதில்தான்.

கேள்வி: கணவருக்கு ஏ பாசிட்டிவ், எனக்கும் ஏ பாசிட்டிவ்...

முதல் பதில். தலசீமியா டெஸ்ட் எடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு நாளை ரத்தம் ஏற்றுகிறார்கள். கூட இருப்பவர் என்ன பார்க்க வேண்டும்?

இதைக் கேட்டதற்கு நன்றி. பையில் உள்ள பெயரும் நோயாளி எண்ணும் அம்மாவின் கைப்பட்டையோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். ஏற்றுவதற்கு முன் இரண்டு பேர் சரிபார்ப்பது வழக்கம். முதல் 15 நிமிடம் பக்கத்தைவிட்டு நகராதீர்கள். குளிர், காய்ச்சல், முதுகுவலி, நெஞ்சு இறுக்கம், மூச்சுத்திணறல், சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போவது, "என்னவோ செய்கிறது" என்ற பயம் — எதுவானாலும் நர்ஸைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்தியதால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு பை நான்கு மணி நேரத்துக்குள் முடிந்துவிட வேண்டும்.

அக்காவுக்கு ரத்தம் கொடுக்க நினைத்த நண்பர்: சரி மேடம், ஏற்றுக்கொள்கிறேன். அப்படியென்றால் அக்காவுக்காக நான் எதுவுமே செய்ய முடியாதா?

நிறைய செய்யலாம். ஆபரேஷனுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. இந்த வாரமே அக்காவின் ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். இரும்பு குறைவு என்றால் மாத்திரையோ, நேரம் போதாவிட்டால் நரம்பு வழி இரும்போ கொடுத்துச் சரிசெய்யலாம். நல்ல அளவோடு ஆபரேஷனுக்குப் போகிறவருக்கு ரத்தமே தேவைப்படாமல் போக வாய்ப்பு அதிகம். ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று அறுவை மருத்துவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். அப்புறம் நீங்கள் போய் வங்கிக்கு ரத்தம் கொடுங்கள். அது வேறு யாருக்கோ போகும். அக்காவுக்கு வேண்டியதை வேறு யாரோ ஏற்கெனவே கொடுத்து வைத்திருப்பார்.