ஓர்க்கா வந்துபோன கடலில் சுறா பார்க்க முடியுமா?

கேள்வி: ஜூலையில் குடும்பத்தோடு கேப் டவுன் போகிறோம். கூண்டுக்குள் இறங்கி வெள்ளைச் சுறா பார்க்க வேண்டும் என்று மகன் அடம்பிடிக்கிறான். கூண்டுப் பயணத்துக்குப் பேர்போன பக்கத்து ஊரான கன்ஸ்பாயில் ஓர்க்காக்கள் (கொலைகாரத் திமிங்கலங்கள்) சுறாக்களை விரட்டிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். முன்பணம் கட்டலாமா?
- வாசகி, மாட்டுங்கா, மும்பை

கட்டலாம். ஆனால் வெள்ளைச் சுறாவை நம்பிக் கட்டாதீர்கள்.

2017-இல் கன்ஸ்பாய் பக்கம் வெள்ளைச் சுறாக்களின் உடல்கள் அடுத்தடுத்துக் கரை ஒதுங்கின. மார்புத் துடுப்புகளுக்கு நடுவே ஒரு கிழிசல், உள்ளே ஈரலைக் காணோம். போர்ட், ஸ்டார்போர்ட் (கப்பல்காரர் மொழியில் இடப்பக்கம், வலப்பக்கம்) என்று பெயரிடப்பட்ட இரண்டு ஆண் ஓர்க்காக்களின் வேலை அது. ஒன்றின் முதுகுத் துடுப்பு இடப்பக்கமும் மற்றதன் துடுப்பு வலப்பக்கமும் மடிந்து கிடக்கும். தூரத்திலேயே அடையாளம் தெரிந்துவிடும். நாம் சுறாப்புட்டுக்குச் சதையைத் தேடுவோம், இவற்றுக்கு எண்ணெய் ஊறிய ஈரல் போதும். சுறாவின் எடையில் கால் பங்குகூட ஈரலாகவே இருக்கலாம் என்பதால் அது லேசான தீனி இல்லை. 2023 ஜூனில் அதே நாட்டின் மோசல் பே என்ற ஊரின் கடலில் ஸ்டார்போர்ட் தனியாகவே சுமார் இரண்டரை மீட்டர் நீளமுள்ள இளம் வெள்ளைச் சுறா ஒன்றை இரண்டு நிமிடத்துக்குள் கொன்றது.

இப்படி ஒரு வேட்டை நடந்தால் மிச்சச் சுறாக்கள் அங்கே நிற்பதில்லை. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் காணாமல் போகின்றன. ஓர்க்கா மட்டும்தான் காரணமா, மனிதர்களின் மீன்பிடிப்புக்கும் பங்குண்டா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். உங்கள் டிக்கெட்டுக்கு அந்த வாதம் முக்கியமில்லை. இன்று கன்ஸ்பாய் கூண்டுக்கு அருகே பெரும்பாலும் வருவது புரோன்ஸ் வேலர் என்ற சுறா. அதுவும் ஆளுயரத்தைத் தாண்டும். பையனுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தால் ஏமாற மாட்டான்.

பணம் கட்டும் முன் படகுக்காரரிடம் கேளுங்கள்: போன இரண்டு வாரத்தில் எந்தச் சுறா வந்தது? எதுவுமே வராவிட்டால் பணம் திரும்புமா, இன்னொரு நாள் சீட்டு மட்டும்தானா? மும்பைக்குத் திரும்பப் போகிறவருக்கு இன்னொரு நாள் சீட்டால் என்ன பயன்? "வெள்ளைச் சுறா கன்ஃபர்ம்" என்று அடித்துச் சொல்பவரை விட்டு விலகுங்கள்.

ஜூலை அங்கே குளிர்காலம். கடல் கொந்தளித்தால் படகு கிளம்பாது. அதனால் சுறாப் பயணத்தைக் கடைசி நாளில் வைக்காமல் முதல் இரண்டு நாளுக்குள் வையுங்கள். தள்ளிப்போனால் பக்கத்திலிருக்கும் ஹெர்மானஸுக்குப் போய்விடலாம். அந்தப் பருவத்தில் தென்கடல் ரைட் திமிங்கலங்களைப் பாறைமேல் நின்றே பார்க்கலாம், செலவும் இல்லை.

ஓர்க்கா மனிதரைத் தாக்குமோ என்ற பயம் வேண்டாம். கடலில் சுதந்திரமாகத் திரியும் ஓர்க்கா மனிதரைக் கொன்றதாகப் பதிவு இல்லை. உங்களைப் படுத்தப்போவது குமட்டல்தான். டாக்டரைக் கேட்டு வாங்கிய மாத்திரையைப் படகேறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். குமட்ட ஆரம்பித்த பிறகு விழுங்கினால் பெரிதாகப் பலனிருக்காது.