மேடையில் ஒரு இடம்: தலைவர்கள் விவாதமும் சின்னக் கட்சிகளும் (கேள்வி பதில்)

பிரிட்டனில் தேர்தல் நேரத்தில் கட்சித் தலைவர்கள் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் நின்று வாதிடும் வழக்கம் 2010இல்தான் தொடங்கியது. அந்த வருடம் லண்டனில் லிபரல் டெமாக்ரட் கட்சிக்காக நான் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டேன். பிறகு நடந்த விவாதங்களையும் விடாமல் பார்த்து வருகிறேன். இந்த விவாதங்களால் சின்னக் கட்சிகளுக்கு உண்மையில் ஏதாவது பலன் உண்டா என்று இங்கே பேச்சு வந்ததும் கேள்விகளை அனுப்பச் சொன்னேன். அனுப்பிய எல்லோருக்கும் நன்றி.

அக்கா, 2010இல் நான் ஊரில் படித்துக்கொண்டிருந்தேன். நிக் கிளெக் ஒரே ராத்திரியில் ஹீரோ ஆனார் என்கிறார்களே, உண்மையா? (ஹாரோ)

உண்மைதான் தம்பி. ஏப்ரல் 15, வியாழக்கிழமை, மான்செஸ்டரில் ஐடிவி சேனல் நடத்திய முதல் விவாதம். 90 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். லேபர் கட்சியின் கார்டன் பிரவுன் பிரதமர், கன்சர்வேடிவ் (டோரி) கட்சியின் டேவிட் கேமரன் எதிர்க்கட்சித் தலைவர், இருவர் முகமும் எல்லோருக்கும் பழக்கம். எங்கள் கட்சித் தலைவர் கிளெக் தெருவில் நடந்து போனால் திரும்பிப் பார்க்க ஆளில்லை.

அன்று அவர் செய்தது ரொம்ப எளிமையான காரியம். கேள்வி கேட்டவரைப் பெயர் சொல்லி அழைத்தார். பிறகு கேமராவை நேராகப் பார்த்து, வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவது போலப் பேசினார். மற்ற இருவரும் சண்டை போட்டபோது, 'பார்த்தீர்களா, இதைத்தான் மாற்ற வேண்டும்' என்ற தோரணையில் நின்றார். போதாக்குறைக்கு பிரவுனே திரும்பத் திரும்ப "நிக் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன்" என்றார். யூகவ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் எடுத்த உடனடிக் கணிப்பில் கிளெக்தான் ஜெயித்தார் என்றவர்கள் 51 சதவீதம். கேமரனுக்கு 29, பிரவுனுக்கு 19. சில நாட்களில் கட்சியின் ஆதரவு 30 சதவீதத்தை ஒட்டி வந்தது. முதலிடம் என்று காட்டிய கணிப்புகளும் உண்டு.

கதவு தட்டியபோது வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. அதற்கு முந்தின வாரம்வரை, "நல்ல கட்சிதான், ஆனால் உங்களுக்குப் போட்டால் ஓட்டு வீண்" என்று சொல்லிப் பாதிக் கதவிலேயே அனுப்பிவிடுவார்கள். சனிக்கிழமை போனால் கதவு முழுசாகத் திறந்தது. நோட்டீஸைக் கையில் வாங்கி, நின்று படித்தார்கள். ஒரு கட்சிக்கு விவாதம் நேரடியாகத் தருவது ஓட்டு என்று நான் நினைக்கவில்லை. 'இவர்களுக்கும் ஓட்டுப் போடலாம்' என்ற தகுதியைத்தான் தருகிறது. மூன்று பேரும் ஒரே அளவு மேசைக்குப் பின்னால், ஒரே அளவு நேரத்தோடு நின்றதுதான் பெரிய விஷயம்.

அவ்வளவு ஆதரவு இருந்தும் சீட் குறைந்ததே, எப்படி? (பர்மிங்ஹாம்)

2005இல் 22 சதவீதம், 62 இடங்கள். 2010 மே 6ஆம் தேதி நடந்த தேர்தலில் எண்ணி முடித்தபோது 23 சதவீதம், 57 இடங்கள். மறுநாள் விடியற்காலை எங்கள் அலுவலகத்தில் யாரும் யாரோடும் பேசவில்லை.

காரணங்கள் பல. இரண்டாவது விவாதத்தன்று காலையில் சில நாளிதழ்கள் முதல் பக்கத்திலேயே கிளெக்கை வாங்கு வாங்கென்று வாங்கின. அடுத்த இரண்டு விவாதங்களில் மற்ற இருவரும் சுதாரித்துக்கொண்டார்கள், கேமராவைப் பார்த்துப் பேசவும் கற்றுக்கொண்டார்கள். ஆனால் என் கண்ணுக்குத் தெரிந்த காரணம் வேறு. எங்கள் பகுதியில் மூலை வீட்டில் ஒரு அம்மா. விவாதத்துக்கு மறுநாள் எங்கள் போஸ்டரை அவராகவே கேட்டு வாங்கி ஜன்னலில் ஒட்டினார். தேர்தலன்று மாலை வாக்குச்சாவடி வாசலில் என் கையைப் பிடித்து, "மன்னித்துக்கொள், லேபருக்குப் போட்டுவிட்டேன். டோரி வந்துவிடக் கூடாது இல்லையா" என்றார். போஸ்டர் அப்போதும் ஜன்னலில்தான் இருந்தது. பிடித்திருப்பது வேறு, ஓட்டுப் போடுவது வேறு. தொகுதியில் அதிக ஓட்டு வாங்கியவருக்கே இடம் என்ற முறையில், மூன்றாவதாக வரும் கட்சிமேல் உள்ள பிரியம் இப்படிக் கடைசி நிமிடத்தில் கரைந்துவிடுகிறது.

டோரிகளோடு கூட்டணி ஆட்சியில் பங்கேற்று, கல்லூரிக் கட்டணத்தை உயர்த்த மாட்டோம் என்ற வாக்குறுதியை மீறிய பிறகு, 2015இல் அதே கட்சி 8 இடங்களுக்கு இறங்கியது. விவாதத்தில் கிடைத்த நம்பிக்கை பெரிதாக இருந்ததால்தான் கோபமும் அவ்வளவு பெரிதாக வந்தது என்று இன்றும் நினைக்கிறேன். அது எனக்கு இன்றும் வலிக்கிறது.

அக்கா, 2011 தேர்தலில ஸ்காபரோவில நான் முதன்முதலா வோட்டுப் போட்டனான். ஜாக் லேட்டன் விவாதத்தில நல்லாக் கதைச்சபடியாத்தான் என்டிபி அப்பிடி வெண்டது எண்டு அண்ணை சொல்லுறார். சரியோ? (டொரோண்டோ)

உங்கள் அண்ணன் சொல்வது பாதி சரி. என்டிபி (புதிய ஜனநாயகக் கட்சி) தலைவர் லேட்டன் அப்போது இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து கைத்தடியோடு வந்தார். ஆங்கில விவாதத்தில் லிபரல் தலைவர் இக்னாட்டியெஃப் பாராளுமன்றத்துக்கே ஒழுங்காக வருவதில்லை என்பதை எடுத்து, வேலைக்கு வராதவருக்கு யாரும் பதவி உயர்வு தருவதில்லை என்று ஒரு போடு போட்டார். அந்த அடியிலிருந்து இக்னாட்டியெஃப் எழவே இல்லை, சொந்தத் தொகுதியையும் இழந்தார்.

பெரிய அலை அடித்தது பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்தில். அங்கே ஒரே ஓர் இடம் வைத்திருந்த என்டிபி 59 இடங்களுக்குப் போனது, 2008இல் 49 ஜெயித்த, கியூபெக் தனிநாடு கேட்கும் பிளாக் கியூபெக்குவா கட்சி 4க்கு வந்தது. மறுநாள் நடந்த பிரெஞ்சு விவாதத்துக்கு இதில் பங்கு உண்டு. ஆனால் அதற்கு முன்பே அங்கே எல்லோரும் பார்க்கும் ஒரு அரட்டை நிகழ்ச்சியில் லேட்டன் மனம்விட்டுப் பேசியிருந்தார். பிளாக் கட்சிமேல் சலிப்பும் சேர்ந்திருந்தது. காய்ந்த புல்லில்தான் பொறி பற்றும்.

உங்கள் ஊரில் ஸ்காபரோ ரூஜ் ரிவரில் ராதிகா சிற்சபைஈசன் என்டிபி சார்பில் ஜெயித்து, கனடாவின் முதல் தமிழ் எம்பி ஆனார். அங்கே விவாதத்தைவிட நம் ஆட்கள் படியேறி இறங்கி உழைத்ததற்குத்தான் நான் அதிக மதிப்பெண் போடுவேன்.

2015இல் மூன்று பெண் தலைவர்கள் மேடையிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டார்களே, அந்தப் படம் என் நினைவில் அப்படியே இருக்கிறது. அதனால் ஓட்டு வந்ததா? (ஈஸ்ட் ஹாம்)

எனக்கும் மறக்காத காட்சி அது. ஸ்காட்லாந்தின் எஸ்என்பி (ஸ்காட்லாந்து தேசியக் கட்சி) தலைவர் நிக்கோலா ஸ்டர்ஜன், வேல்ஸின் பிளைட் கம்ரி கட்சியின் லியான் வுட், பசுமைக் கட்சியின் நடாலி பென்னட். ஏப்ரல் 16, பிபிசி விவாதம் முடிந்த நிமிடம் அது.

முதலில் லியான் வுட். அதற்கு இரண்டு வாரம் முன்பு ஏழு பேர் கலந்துகொண்ட ஐடிவி விவாதத்தில், வெளிநாட்டிலிருந்து வரும் எச்ஐவி நோயாளிகளைப் பற்றி ஐரோப்பிய யூனியனை எதிர்த்த யூகிப் கட்சித் தலைவர் நைஜல் ஃபராஜ் பேசியபோது, "உங்களுக்கு வெட்கமாக இருக்க வேண்டும்" என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர் அவர். அரங்கம் கைதட்டியது. ஒரே இரவில் நாடு முழுக்க அவரைத் தெரிந்துகொண்டது. ஆனால் தேர்தலில் அவர் கட்சிக்கு அதே பழைய 3 இடங்கள்தான். அடுத்த வருடம் வேல்ஸ் சட்டமன்றத் தேர்தலில் லேபரின் கோட்டையான ரோண்டாவில் அவரே நின்று ஜெயித்தார். விவாதத்தின் பலன் சில சமயம் தாமதமாக, வேறு தேர்தலில் வந்து சேரும் என்பதற்கு இதை நான் அடிக்கடி உதாரணம் காட்டுவேன்.

ஸ்டர்ஜன் கதை வேறு. ஐடிவி விவாதத்துக்குப் பின் யூகவ் கணிப்பில் முதலிடம் அவருக்குத்தான். மே மாதம் ஸ்காட்லாந்தின் 59 இடங்களில் 56 அவர் கட்சிக்கு. ஆனால் அந்த அலை 2014இல் ஸ்காட்லாந்து தனிநாடாகலாமா என்று நடந்த பொதுவாக்கெடுப்புக்குப் பிறகு ஏற்கெனவே எழுந்துவிட்டது, விவாதம் அதை உருவாக்கவில்லை. அவர் பேச்சின் விளைவை நான் பார்த்தது இங்கிலாந்தில். "இந்த அம்மா கெட்டிக்காரர், லேபர் தலைவர் மிலிபாண்டைக் கைக்குள் போட்டுக்கொள்வார்" என்று பலர் பயந்தார்கள். டோரிகள் அந்தப் பயத்தைப் போஸ்டர் அடித்து ஒட்டினார்கள். ஒரு சின்னக் கட்சித் தலைவர் நன்றாகப் பேசியதால் மூன்றாவது ஒரு கட்சி லாபம் அடைந்தது.

அதே தேர்தலில் ஃபராஜின் யூகிப் கட்சி 38 லட்சத்துக்கு மேல் ஓட்டு வாங்கி ஒரே ஓர் இடம் பெற்றது. ஸ்டர்ஜன் கட்சிக்கு 14 லட்சம் ஓட்டு, 56 இடம். ஓட்டு எங்கே குவிந்திருக்கிறது என்பதே கணக்கு. யூகிப் கொள்கை எனக்குச் சுத்தமாக ஆகாது, ஆனாலும் இந்தக் கணக்கு அநியாயம்தான்.

யாரைக் கூப்பிடுவது என்று யார் முடிவு செய்கிறார்கள்? (லெஸ்டர்)

இதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படையான கேள்வி. பிரிட்டனில் விவாதம் நடத்தியே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. சேனல்களும் கட்சிகளும் பேரம் பேசித்தான் நடக்கிறது. பாரபட்சம் கூடாது என்று ஒளிபரப்பு விதிகள் சொல்கின்றன, அவ்வளவுதான். 2015 தேர்தலுக்கு முன் பசுமைக் கட்சியை முதலில் சேர்க்கவில்லை. அவர்கள் இல்லாமல் நான் வர மாட்டேன் என்று சொன்னவர் யார் தெரியுமா? கேமரன். பசுமைக் கட்சி லேபர் ஓட்டைப் பிரிக்கும் என்ற கணக்கு அதில் இருந்தது. ஆனால் அந்தச் சர்ச்சை நடந்த ஜனவரியில் ஆயிரக்கணக்கானவர்கள் அந்தக் கட்சியில் உறுப்பினராகச் சேர்ந்தார்கள். வெளியே நிறுத்தப்பட்டதே விளம்பரமாகிவிட்டது.

2019இல் ஐடிவி டோரித் தலைவர் ஜான்சன், லேபர் தலைவர் கார்பின் இருவரை மட்டும் அழைத்தது. லிபரல் டெமாக்ரட்டும் எஸ்என்பியும் உயர் நீதிமன்றம் போய்த் தோற்றன. நியூசிலாந்தில் 2005இல் இதற்கு நேர்மாறு: விட்டுவைத்த இரண்டு சின்னக் கட்சித் தலைவர்களைச் சேர்க்கும்படி நீதிமன்றமே சேனலுக்கு உத்தரவிட்டது. அமெரிக்காவில் இரண்டு பெரிய கட்சிகளையும் சேராத ராஸ் பெரோ 1992 அதிபர் தேர்தலில் மூன்று விவாதங்களிலும் நின்று 18.9 சதவீத ஓட்டு வாங்கினார். 1996இல் அவரை மேடைக்கு அழைக்கவில்லை, 8 சதவீதத்தோடு நின்றது. விவாதம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். இருந்தாலும் மேடைக்கு யார் வரலாம் என்பதைச் சேனல்களிடமும் பெரிய கட்சிகளிடமும் விடக் கூடாது. முன்கூட்டியே எழுதி வைத்த விதி வேண்டும்.

திரையில் கோடு ஒன்று மேலும் கீழும் ஓடுமே, அது நம் மனதை மாற்றுமா? (மில்டன் கீன்ஸ்)

மாற்றும். நியூசிலாந்தில் அதற்குப் புழு என்றே பெயர். இன்னும் முடிவெடுக்காத வாக்காளர்களைக் கூட்டிவந்து, பேச்சு பிடித்தால் ஏற்றவும் பிடிக்காவிட்டால் இறக்கவும் கையில் ஒரு கருவி கொடுப்பார்கள். 2002இல் பீட்டர் டன் என்ற அமைதியான மனிதர் 'நடைமுறை அறிவோடு நடப்போம்' என்கிற மாதிரி பேசப் பேச, புழு மேலேயே போனது. ஒரு சதவீதத்தை ஒட்டிக் கிடந்த அவர் கட்சி 6.7 சதவீதமும் 8 இடங்களும் பெற்றது. அங்கே விகிதாசார முறை, அதனால் பிரியம் அப்படியே இடமாக மாறியது. 2005இல் 3 இடம், 2008இல் அவர் ஒருவர் மட்டும்.

விவாதத்தில் சரியாக இடம் கிடைக்காமலே ஜெயித்த சின்னக் கட்சி உண்டா? (குரோய்டன்)

2024இல் அதே லிபரல் டெமாக்ரட். அப்போதைய பிரதமர் சுனக், லேபர் தலைவர் ஸ்டார்மர் இருவர் மட்டும் மோதிய விவாதங்களில் கட்சித் தலைவர் எட் டேவிக்கு இடமில்லை. அவர் விண்டர்மியர் ஏரியில் துடுப்புப் பலகையிலிருந்து தண்ணீரில் விழுந்து செய்தியில் வந்தார். கட்சி ஜெயிக்கக்கூடிய தொகுதிகளை மட்டும் பொறுக்கி எடுத்து உழைத்தது. 12 சதவீத ஓட்டு, 72 இடங்கள். கிளெக்கின் 23 சதவீதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அக்கா, அடுத்த தேர்தல்தான் எனக்கு முதல் ஓட்டு. விவாதம் பார்த்துவிட்டு ஒரு சின்னக் கட்சியைப் பிடித்துப்போனால் என்ன செய்ய? (ரெடிங், மாணவி)

தாராளமாகப் பிடிக்கட்டும் கண்ணு. மறுநாள் காலை இரண்டு வேலை செய். உன் தொகுதியில் போன தடவை அந்தக் கட்சி எத்தனையாவதாக வந்தது என்று பார். அங்கே நிற்கும் வேட்பாளர் யார், தொகுதிக்கு என்ன செய்வேன் என்கிறார் என்று அவர் நோட்டீஸைத் தேடிப் படி. தலைவர் உன் தொகுதியில் நிற்கப் போவதில்லை. அப்புறம், வாக்குச்சாவடிக்குப் படம் போட்ட அடையாள அட்டை கட்டாயம். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டும் செல்லும். இப்போதே எங்கே இருக்கிறது என்று தேடி எடுத்து வை.